நகரைப் பேணும் பொறுப்பு

ஒரு நகரத்தின் பெருமையை அளக்க விரும்புவோர் அதன் மாடமாளிகைகளையும் கடைவீதிகளையும் நோக்குவது வழக்கம். அதன் ஆரோக்கியத்தை அறிய விரும்புவோர் மூன்று வினாக்களைக் கேட்டாற் போதும். அந்நகரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எவ்வழியே வடிகிறது? குப்பை எங்கே போய்ச் சேருகிறது? இவற்றுக்கு விடை கிடைத்தபின் நான்காவது வினா ஒன்று எஞ்சி நிற்கும். இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளி யார்? முன்னைய மூன்று வினாக்களுக்கும் பொறியியலாளர் விடை கூறுவர். நான்காவது வினாவுக்கு விடை கூறவேண்டியவை ஆட்சித் தாபனங்கள். வளர்முக நாடுகளின் நகரங்கள் பல இன்று தடுமாறுவது இந்த நான்காவது வினாவிலேயாகும்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினம். அன்று பிற்பகல் கொழும்பின் எல்லையை அடுத்துள்ள மீத்தொட்டமுல்லையில், மலைபோல் உயர்ந்திருந்த குப்பைமேடு சரிந்து, அதன் அடிவாரத்தில் இருந்த வீடுகளின்மேல் விழுந்தது. பண்டிகைச் சமையலை முடித்து வீட்டிலிருந்த குடும்பங்கள் அதனுள் அகப்பட்டன. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூகம்பம் நிகழ்ந்ததன்று, ஆறு பெருக்கெடுத்ததுமன்று. ஒரு நகரம் நாள்தோறும் கழித்து எறிந்தவையே அயலூர் மக்களின் உயிரைக் கொண்டுபோயின.

இந்த அனர்த்தம் எவரும் எதிர்பாராத ஒன்றன்று என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அக்குப்பைமேட்டை அகற்றும்படி அயலில் வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டும் ஆர்ப்பாட்டஞ் செய்தும் வந்தனர். அவர்களுடைய முறைப்பாட்டைச் செவிமடுக்க அலுவலகங்களும் இருந்தன. ஒன்றன்று, பல இருந்தன. ஆனால் அந்த மேட்டைத் தன் பொறுப்பென ஏற்று, நாளைக் காலை இதற்கு முடிவு காண்பேன் என்று சொல்லத்தக்க அலுவலகம் ஒன்றேனும் இருக்கவில்லை. பலபேர் அடித்த பாம்பு சாகாது என்பது பழமொழி. பலபேர் பொறுப்பாயிருக்கும் நகரமும் பேணப்படுவதில்லை.

சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறது என்று பார்ப்பது பயன்தரும். 1947ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச்சட்டம் வீதிகளிலும் வீடுகளிலும் சேரும் குப்பையை அகற்றுவதை மாநகரசபையின் கடமையாக்குகிறது. சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் சொத்து என்றும் அது கூறுகிறது. அதனைக் கொட்டுதற்கேற்ற இடங்களை ஏற்பாடு செய்வதும் சபைக்கே உரிய கடமை. இவ்வளவில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் கொழும்பு மாநகரின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி அதனுள் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தொழிலுக்கும் கல்விக்கும் வைத்தியத்துக்குமாக நாள்தோறும் வந்துபோவோர் மேலும் பல இலட்சம் பேர். அத்தனை பேருடைய கழிவையும் தாங்குதற்கு அந்த எல்லைக்குள் நிலம் இல்லை. முன்னர் புளூமெண்டால் பகுதியில் குவிக்கப்பட்ட குப்பை, 2009ஆம் ஆண்டில் அவ்விடம் மூடப்பட்டபின், கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீத்தொட்டமுல்லைக்குச் சென்றது. குப்பை ஒரு சபையின் சொத்து. அது குவிந்த நிலமோ வேறொரு சபையின் எல்லைக்குள் இருந்தது. சுற்றாடல் அனுமதி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் கையில். நிலப்பயன்பாடு நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கையில். உள்ளூராட்சியை மேற்பார்வை செய்வது மாகாணசபை. மண்சரிவை ஆராய்ந்து எச்சரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். ஒவ்வொன்றும் தன் பங்கை அறிந்திருந்தது. முழுமையை அறிந்தவர், அல்லது அறிந்து செயற்படும் அதிகாரம் பெற்றவர், எவருமிலர்.

இந்நிலை ஒருநாளில் உருவானதன்று. 1865ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின் வழியாகக் கொழும்பும் கண்டியும் மாநகரசபைகளைப் பெற்றன. அக்காலத்தில் நகரம் என்றால் சபை, சபை என்றால் நகரம் என்ற நிலை ஓரளவுக்கேனும் இருந்தது. வீதி, விளக்கு, சந்தை, சுகாதாரம், கழிவுநீர் யாவும் ஒரே கூரையின்கீழ் நடைபெற்றன. வாக்குரிமை செல்வந்தருக்கே உரியதாயிருந்தமை அக்காலத்தின் பெருங்குறை. ஆயினும் குறை சொல்ல விரும்பியவனுக்கு எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதாவது தெரிந்திருந்தது. சுதந்திரத்தின்பின் நாட்டின் அபிவிருத்தியை விரைவுபடுத்தும் நோக்குடன் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு தேசியத் தாபனம் தோன்றியது. 1968இல் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்தற்கென ஒரு சபை அமைந்தது. 1970களின் நடுப்பகுதியில் நீர்வழங்கலுக்கும் வடிகாலமைப்புக்கும் ஒரு சபை வந்தது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபையும், அதனையடுத்து வீடமைப்பு, வீதி, சுற்றாடல் ஆகியவற்றுக்கான அதிகாரசபைகளும் எழுந்தன. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் மாகாணசபைகள் மேலும் ஒரு படியாக அமைந்தன.

இவற்றுள் எதுவும் வேண்டாதது என்று கூறிவிட முடியாது. பல ஊர்களுக்குப் பொதுவான ஓர் ஆற்றிலிருந்து நீரைக் கொண்டுவருவது ஒரு நகரசபையால் ஆகும் காரியமன்று. நெடுஞ்சாலையை ஊருக்கு ஊர் வெவ்வேறாகப் போடவும் இயலாது. எனினும் புதிய தாபனம் ஒவ்வொன்றும் பிறந்தபோது பழைய சபையின் கடமை எவ்வளவு குறைந்தது, அதிகாரம் எவ்வளவு குறைந்தது என்னும் கணக்குச் சரியாகப் பார்க்கப்படவில்லை. அதிகாரம் மேலே சென்றது. கடமையும் பழியும் கீழேயே தங்கின. இன்று ஒரு வீதியின் ஓரத்தில் நீர் தேங்கி நுளம்பு பெருகுமாயின், அவ்வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையினதா, மாகாணத்தினதா, உள்ளூர்ச் சபையினதா என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. புதிதாகத் தாரிட்ட வீதியை மறுமாதமே நீர்க்குழாய்க்காக வெட்டும் காட்சியை எந்த நகரவாசியும் காணாமலிருந்ததில்லை. தாரிட்டவர் தம் கடமையைச் செய்தார்; வெட்டியவரும் தம் கடமையையே செய்தார். இருவருக்கும் பொதுவான நாட்காட்டி ஒன்று இல்லாமையே குறை.

திட்டங்கள் இல்லாமையால் இக்கதி நேர்ந்தது என்று எண்ணுவோரும் உளர். அது பொருந்தாது. 1921ஆம் ஆண்டிலேயே பற்றிக் கெடிஸ் என்னும் நகரமைப்பு அறிஞர் கொழும்புக்கு ஓர் அறிக்கை வரைந்து கொடுத்தார். 1940களின் இறுதியில் பற்றிக் அபர்க்கிறொம்பி கொழும்புப் பிராந்தியம் முழுவதற்கும் திட்டம் தீட்டினார். அதன்பின் 1978இலும், 1980களிலும், 1999இலும், அண்மையில் மேல்மாகாணப் பெருநகரத் திட்டமென 2016இலும் வரைபடங்கள் வந்தன. வரைபடம் தீட்டுவோர் ஒருவராகவும், வீட்டுக்கு அனுமதி வழங்குவோர் வேறொருவராகவும், வடிகால் வெட்டுவோர் மற்றொருவராகவும் இருக்கையில், சிறந்த வரைபடமும் சுவரில் தொங்கும் சித்திரமாகவே முடிகிறது.

சதுப்புநிலங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கொழும்பைச் சூழவுள்ள சதுப்புகளும் தாழ்ந்த வயல்நிலங்களும் மழைநீரை உள்வாங்கித் தாமதித்து வடியவிடும் இயற்கைத் தொட்டிகள். அவற்றை நிரப்பிக் கட்டடம் எழுப்புவதே அபிவிருத்தி எனப் பல ஆண்டுகள் கருதப்பட்டது. 1992ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பொழிந்து நகரை மூழ்கடித்தது. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தியவன்னா ஏரியின் நடுவே அமைந்த பாராளுமன்றக் கட்டடத்தினுள்ளேயே வெள்ளம் புகுந்தது. சட்டம் இயற்றும் சபையின் வாசலில் நீர் வந்து நின்றபின்னரே, சதுப்புநிலம் வீண்நிலமன்று என்னும் உண்மை ஆட்சியாளர் மனத்திற் பதிந்தது. 2018ஆம் ஆண்டில் றம்சார் சமவாயத்தின் ஈரநில நகரம் என்னும் சிறப்பை உலகில் முதன்முதல் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. நிலத்தை நிரப்புதற்கெனப் பிறந்த தாபனமே இன்று எஞ்சிய ஈரநிலத்தைக் காக்கும் பணியிலும் ஈடுபட்டிருக்கிறது. தாபனங்கள் தம் போக்கை மாற்றிக்கொள்ள வல்லவை என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் அம்மாற்றத்துக்கு எத்தனை வெள்ளம் வரவேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

அதிகாரம் ஒருபுறமிருக்க, பணத்தைப் பற்றியும் சிந்திக்கவேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உள்ளூர்ச் சபையின் சொந்த வருமானத்தில் முதன்மையானது சோலைவரி. அது வீட்டின் ஆண்டு மதிப்பைக் கொண்டு அறவிடப்படுவது. மதிப்பீடு காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படவேண்டும். அது தாமதமாகுந்தோறும் நிலத்தின் விலை மேலே செல்ல, வரி பழைய இடத்திலேயே நின்றுவிடும். வரியை உயர்த்தும் உறுப்பினர் வாக்கை இழப்பார். உயர்த்தாத உறுப்பினரோ வண்டிக்கு எரிபொருள் வாங்கப் பணமின்றித் தவிப்பார். ஊழியரின் வேதனத்துக்கு மேலிடத்தின் கையை எதிர்பார்த்திருக்கும் சபை, தன் ஊரவரைக் காட்டிலும் மேலிடத்துக்கே முதலில் பதிலிறுக்கும். நிலைமை அவ்வாறிருக்க, ஊரவரும் தாம் செலுத்தும் வரிக்கும் தமக்குக் கிடைக்கும் சேவைக்கும் தொடர்பு காணாது, வரியை ஒரு தண்டமாகவே எண்ணத் தலைப்படுவர். வெளிநாட்டுக் கடனால் எழும் பெருந்திட்டங்கள் கட்டடத்தைத் தருகின்றன. அதனைப் பேணும் ஆளையும் ஆண்டுச் செலவையும் தருவதில்லை. திறப்புவிழாவுக்கு வருவோர் பலர். ஐந்தாண்டுகளின்பின் பம்பி பழுதாகும்போது வருவோர் சிலரே.

நகரம் எது, கிராமம் எது என்பதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இலங்கையில் மாநகரசபை, நகரசபை, பட்டினசபை, கிராமசபை என நால்வகைச் சபைகள் இருந்தன. 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டத்தோடு பட்டினசபைகளும் கிராமசபைகளும் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் சட்டம் அவ்விடங்களைப் பிரதேச சபைகளில் அடக்கியது. சுன்னாகமும் மானிப்பாயும் பட்டினசபை கொண்டிருந்த ஊர்கள். இன்று அவற்றின் சந்தைகளில் எவ்வளவு சனம் நெருங்கினாலும், எத்தனை மாடிக் கட்டடங்கள் எழுந்தாலும், ஏட்டின்படி அவை கிராமப் பகுதிகளே. மாநகரசபை, நகரசபை எல்லைகள் மாத்திரமே நகரமெனக் கணிக்கப்பட்டமையால், 1981இல் 21.5 சதவீதமாயிருந்த நகர மக்கட்டொகை 2012இல் 18.2 சதவீதமெனக் காட்டப்பட்டது. மக்கள் நகரை விட்டு வயலுக்குத் திரும்பியதால் வந்த குறைவன்று இது. பெயர்ப்பலகை மாறியதால் நகரங்கள் கணக்கிலிருந்து மறைந்தன. கணக்கில் இல்லாத நகரத்துக்குக் கழிவுநீர்த் திட்டமும் எளிதில் வருவதில்லை.

தாபனத்துக்கு நினைவு வேண்டும். எந்த ஒழுங்கையில் எந்த ஆழத்தில் குழாய் செல்கிறது, எந்த மதகு எந்த மழைக்கு அடைபடும், எந்த நிலம் சபைக்குரியது என்பனவெல்லாம் கோவைகளிலும் பழைய உத்தியோகத்தரின் அனுபவத்திலும் தங்கியிருப்பவை. அந்த நினைவு அறுபடும்போது நகரம் அநாதையாகிறது. 1949இல் மாநகரசபையாக உயர்ந்த யாழ்ப்பாணத்தின் வரலாறு இதனை நன்கு காட்டும். அங்கு 1983ஆம் ஆண்டுத் தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்குமிடையே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1998 சனவரியில் தேர்தல் நடந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன் கொல்லப்பட்டார். அவர் இருக்கையில் அமர்ந்த பொன். சிவபாலனும் செப்டெம்பர் மாதத்தில் கொல்லப்பட்டார். அதன்பின் மறு தேர்தல் 2009ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. வீதியையும் விளக்கையும் சந்தையையும் பற்றிப் பேசவேண்டிய ஒரு பதவி உயிருக்கு ஆபத்தான பதவியாக மாறிய இடத்தில், நகரபரிபாலனம் எவ்வாறு தழைக்கும்?

போர் முடிந்தபின்னும் இடைவெளிகள் முற்றாக நீங்கவில்லை. நாடு முழுவதிலும் 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல் பணமில்லை என்னும் காரணத்தாற் பிற்போடப்பட்டது. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென உயர்நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆந் திகதி நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டாண்டுகளும் ஆணையாளர்களும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினர். அவர்கள் திறமையுடன் நடத்திய இடங்களும் உண்டு. ஆயினும் குப்பைவண்டி வராத தெருவின் மக்கள், தம் வாக்கினால் ஒருவரை அகற்றவோ அமர்த்தவோ முடியாத காலம் அது.

யாழ்ப்பாணத்து நீரின் கதை இன்னும் நுட்பமானது. அங்கு மண்ணின்கீழ் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளின் வழியே இறங்கிச் சேமிக்கப்படுகிறது. கிணறே குடாநாட்டின் உயிர். அதே வளவில் மலசலகூடத்தின் குழியும் இருக்கிறது. வளவுகள் விசாலமாயிருந்த காலத்தில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே தூரம் இருந்தது. காணி பங்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டுச் சிறுத்தபோது, ஒருவர் வேலிக்கு அப்பால் வெட்டிய குழி மற்றவரின் கிணற்றுக்கு அண்மையதாயிற்று. தோட்டங்களில் இடும் இரசாயனப் பசளையும் இதனோடு சேர்ந்தது. பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று ஏற்றுக்கொள்ளத்தக்க அளவைக் கடந்திருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாகவே எடுத்துக்காட்டி வந்துள்ளனர்.

இதற்கு யார் பொறுப்பு? கிணறு வீட்டுக்காரருடையது. குழிக்கு அனுமதி வழங்குவது உள்ளூர்ச் சபை. பசளையைப் பற்றிப் பேசுவது விவசாயத் திணைக்களம். நிலத்தடி நீரை ஆராய்வது நீர்வளச் சபை. குழாய்நீர் தருவது நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. நிலத்தின் அடியில் நீர் ஒன்றாகவே இருக்கிறது. நிலத்தின்மேல் அது ஐந்தாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நீர் கொண்டுவரும் திட்டம் எழுந்தபோது, தம் வயல்கள் காயும் என்று கிளிநொச்சி விவசாயிகள் அஞ்சி எதிர்த்தனர். அவர்களுடைய அச்சம் நியாயமற்றதென்று தள்ளிவிட முடியாது. குடிக்கும் ஊரும் விதைக்கும் ஊரும் ஒரே மேசையில் அமர்ந்து, வரட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே உடன்படத்தக்க நிலையான மன்றம் ஒன்று இருந்திருப்பின், பிணக்கு அவ்வளவு நீண்டிராது. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் குழாயின் வழியே வீட்டினுள் வரும் நீர், கழிவாகி வெளியேறியே தீரவேண்டும். அதை வாங்கிச் செல்லக் கழிவுநீர்க் கால்வாய் இல்லாதபோது, அது திரும்பவும் அதே சுண்ணக்கல்லுக்குள்ளேயே இறங்கும். நீரைத் தருவதை ஒரு வேலையாகவும், கழிவை வாங்குவதை வேறொரு வேலையாகவும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இங்குதான் ஆபத்தாகிறது.

இத்தகைய சிக்கலிலிருந்து மீண்ட நகரங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மேற்கு இந்தியாவிலுள்ள சூரத் நகரம் அவற்றுள் ஒன்று. வைரம் தீட்டுவதிலும் பட்டு நெசவிலும் பேர்பெற்ற அச்செல்வ நகரை 1994ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொள்ளைநோய் தாக்கியது. வெள்ளத்தின்பின் அழுகிக் கிடந்த குப்பையின் நடுவே நோய் பரவியது என்ற செய்தி உலகெங்கும் சென்றது. சில நாட்களுக்குள் பல இலட்சம் மக்கள் நகரை விட்டு ஓடினர். அடுத்த ஆண்டில் எஸ். ஆர். ராவ் மாநகர ஆணையாளராக வந்தார். அவர் புதிய சட்டம் எதையும் வேண்டவில்லை. பெருந்தொகைக் கடனையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. நகரை ஆறு வலயங்களாகக் கொண்டு, தம் கையிலிருந்த அதிகாரத்தையும் செலவுசெய்யும் உரிமையையும் வலய அதிகாரிகளுக்குப் பகிர்ந்தளித்தார். உயர் அதிகாரிகள் காலையில் அலுவலகம் செல்வதற்குமுன் தத்தம் வலயத் தெருக்களில் நின்று பார்க்கவேண்டும் என்றும், நண்பகலுக்குப்பின் ஒன்றுகூடிக் கண்ட குறைகளைத் தீர்க்கவேண்டும் என்றும் விதித்தார். முறைப்பாட்டுக்குத் தவணை குறிக்கப்பட்டது. சட்டவிரோதக் கட்டடங்களை இடிக்கும்போது செல்வாக்குடையோரிடமிருந்தே தொடங்கினார். இரண்டாண்டுகளுக்குள் இந்தியாவில் சண்டிகாருக்கு அடுத்த தூய நகரமென ஒரு மதிப்பீட்டில் சூரத் இடம்பெற்றது.

அதே ஊழியர், அதே சட்டம், அதே வருமானம். மாறியது ஒன்றே. ஒவ்வொரு தெருவுக்கும் பெயர்சொல்லி அழைக்கத்தக்க ஒரு பொறுப்பாளி இருந்தார். அவர் கையில் பொறுப்புக்கேற்ற அதிகாரமும் இருந்தது. ஆணையாளர் சில ஆண்டுகளில் மாற்றலாகிச் சென்றார். அவர் வகுத்த முறை அலுவலகத்தின் வழக்கமாக ஊறியிருந்தமையால், தூய்மை அவரோடு கூடவே போய்விடவில்லை. ஒரு மனிதரின் திறமையைத் தாபனத்தின் பழக்கமாக மாற்றுவதே நிலைபேறான நகரபரிபாலனத்தின் இரகசியம்.

கராச்சி நகரின் ஓரங்கிக் குடியிருப்பு மற்றொரு பாடம் கற்பிக்கிறது. அனுமதியின்றி எழுந்த மிகப் பெரிய குடியிருப்பு அது. கழிவுநீர் ஒழுங்கைகளில் வழிந்தோடியது. அரசினர் வந்து கால்வாய் அமைப்பர் என்று மக்கள் காத்திருந்தனர். அரசினரோ அனுமதியற்ற குடியிருப்புக்குச் செலவிடப் பணமில்லை என்றிருந்தனர். முன்னர் கிழக்குப் பாகிஸ்தானின் கொமில்லாவில் கூட்டுறவுப் பணி ஆற்றிய அக்தர் ஹமீத் கான் 1980இல் அங்கு ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடக்கினார். இருபது முதல் நாற்பது வீடுகளைக் கொண்ட ஒவ்வோர் ஒழுங்கையும் ஓர் அமைப்பாயிற்று. மக்களே பணம் திரட்டித் தம் ஒழுங்கைக்குரிய நிலக்கீழ்க் குழாயைப் பதித்தனர். படம் வரைவதற்கும் மட்டம் பார்ப்பதற்கும் திட்டத்தார் துணைநின்றனர். கொந்தராத்துக்காரர் இல்லாமையாற் செலவு மிகக் குறைந்தது. ஆனால் அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. ஒழுங்கைக் குழாய் சென்று சேரும் பெருங்கால்வாயையும் சுத்திகரிப்பையும் அரசினரே செய்யவேண்டும் என்று தெளிவாகப் பிரித்துக் கூறினர். வீடும் ஒழுங்கையும் மக்கள் பங்கு. பெருங்கால்வாய் அரசின் பங்கு. அப்பணியைத் தொடர்ந்து முன்னெடுத்தவரும், குடியிருப்புகளையும் நீர்வழிகளையும் படமாக்கியவருமான பெர்வீன் ரஹ்மான் 2013ஆம் ஆண்டு மார்ச்சில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு நகரின் நிலம் யாருக்குரியது, நீர் யாருக்குச் செல்கிறது என்று வெளிப்படையாகப் பதிவுசெய்வது சிலருக்கு எவ்வளவு கசப்பானது என்பதை அது உணர்த்துகிறது.

இலங்கையிலும் சிறிய அளவில் நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. பலாங்கொடை நகரசபை குப்பையிலிருந்து கூட்டெரு செய்யும் பணியில் பிற சபைகளுக்கு வழிகாட்டியாக விளங்கியது. சேகரிப்பது, பிரிப்பது, எருவாக்குவது, விற்பது என்னும் சங்கிலி முழுவதும் ஒரே சபையின் கையில் இருந்தமை அதன் பலம். கொழும்பின் நிலை வேறு. மீத்தொட்டமுல்லை மூடப்பட்டபின் நகரின் குப்பை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளத்து அருவக்காட்டுக்குச் செல்லவேண்டும் என்று முடிவு செய்யப்பட்டபோது, அம்மாவட்ட மக்கள் எதிர்த்துக் கிளம்பினர். பின்னர் 2021இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரம் பெறும் நிலையம் ஒன்று தொடங்கியது. பொறிகள் உதவும், அதில் ஐயமில்லை. ஆனால் தன் கழிவை அயலூருக்கு அனுப்பும் நகரம், அயலூரின் சம்மதத்தையும் நலனையும் தன் கணக்கில் சேர்க்கவேண்டும். அதைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு இல்லையேல், ஒரு மீத்தொட்டமுல்லை மறைய மற்றொன்று தோன்றும்.

ஆகவே செய்யத்தக்கவை எவை? முதலாவதாக, பொறுப்பும் அதிகாரமும் பணமும் ஒரே இடத்திற் சேரவேண்டும். ஒரு சபையால் தாங்க இயலாதவற்றுக்கு அயற்சபைகள் கூடி ஒரு பொதுமன்றத்தை அமைத்து, அதற்கு உண்மையான அதிகாரத்தை வழங்கவேண்டும். இரண்டாவதாக, சோலைவரியின் மதிப்பீடு காலந்தவறாது நடைபெறவும், அவ்வரி எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கு ஒவ்வொரு வட்டாரத்து மக்களுக்கும் அவரவர் மொழியில் அறிவிக்கப்படவும் வேண்டும். கணக்கைக் கண்டவன் வரியைக் கொடுப்பான்; வரியைக் கொடுத்தவன் கேள்வி கேட்பான்; கேள்வி கேட்கப்படும் சபை விழித்திருக்கும். மூன்றாவதாக, எந்தப் புதிய கட்டடத்துக்கும் அதைப் பேணும் செலவும் ஆளும் முன்கூட்டியே குறிக்கப்படாமல் அடிக்கல் நாட்டலாகாது. நான்காவதாக, உள்ளூர்த் தேர்தல்கள் உரிய காலத்தில் நடைபெறவேண்டும். சபைகளின் கோவைகளும் வரைபடங்களும் நகரின் சொத்தாகப் பேணப்படவேண்டும்.

நகரவாசிக்கும் இதில் பங்குண்டு. மதிலுக்கு வெளியே எறிந்த குப்பை தன் கண்ணிலிருந்து மறைந்ததே தவிர நகரிலிருந்து மறையவில்லை என்பதை அவன் உணரவேண்டும். ஓரங்கி மக்கள் தம் ஒழுங்கையைத் தமதாக்கிக்கொண்டதுபோல், அவனும் தன் பங்கைச் செய்துவிட்டு, எஞ்சிய பங்கை உரியவரிடம் உரிமையோடு கேட்கவேண்டும். தன் கடமையைச் செய்தவனின் முறைப்பாட்டுக்கு வலிமை அதிகம்.

மீத்தொட்டமுல்லையில் அந்தப் புத்தாண்டு தினத்தில் உயிரிழந்தோர் நகரத்துக்கு யாதொரு தீங்கும் செய்தவர்களல்லர். அவர்கள் பலமுறை கேட்ட வினா எளிமையானது: இந்த மேட்டுக்குப் பொறுப்பு யார்? அவ்வினாவுக்கு ஒரு பெயரை, ஒரு அலுவலகத்தை, ஒரு தவணையை உரிய காலத்தில் விடையாகத் தரமுடியாமற் போயிற்று. ஒவ்வொரு நகரத்திலும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் அவ்வினா இன்றும் கேட்கப்படுகிறது. அதற்கு விடை தருமாறு தம் சபைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் நாடுகளே தம் நகரங்களை அடுத்த தலைமுறைக்கு வாழத்தக்க இடங்களாகக் கையளிக்கும்.